இந்த வெயிலுக்கை இது என்னத்துக்கு

பரந்தன் சந்திக்கு வடக்கே
சரளைக்கல் பரவிய வளவொன்றில்
இரண்டு வெசல்கள், ஒரே வயது.
ஒன்று எக்ஸ், மற்றது இசட்.
தள்ளி நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.
விலையில் ஆறரை லட்சம் தூரம்.

செல்டன் வித்தியாசங்களை
விரல் மடித்துச் சொன்னான்:
ஒரு சுற்றுப் பெரிய சில்லு, அலோய்,
தோல் தைத்த ஸ்டியரிங்,
பனிமூட்ட விளக்கு,
"பிறகு அக்கா, சீற் சூடாகும்."
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
சித்திரை மாதம். பகல் பன்னிரண்டு.
வளவு நாய் எக்ஸுக்குக் கீழே புகுந்து
இருந்த கொஞ்ச நிழலையும் மறைத்துக்கொண்டு கிடந்தது.

தவநேசனுக்கு எக்ஸ் போதும்.
"நாலு சில்லும் உருளுதெல்லோ."
ஏலத்தாளை வெயிலுக்குப் பிடித்து
மீற்றரோடு ஒப்பிட்டார்.
பின்சீற்றோரம் பற்றறி மூச்சுவிடும் துளையில்
விரலை விட்டுத் தூசி பார்த்தார்.
"அண்ணை, ஹைபிரிட் எண்டா..." செல்டன் தொடங்கினான்.
முடிக்க விடவில்லை.

தொண்ணூற்றேழில்
புதுக்குடியிருப்புக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையே
இந்த மனிதர் ஓடிய மோட்டார்சைக்கிளுக்கு
ஊசிக்குழாயால் ஐந்து சொட்டுப் பெற்றோல்,
உதைத்து எழுப்பியபின் வழிமுழுக்க மண்ணெண்ணெய்.
"அதுக்கு என்ன கிறேட் போடுவாய் தம்பி?"
செல்டன் அந்த வருடம் பிறந்திருக்கவில்லை.
"ஃபுல் ஒப்ஷன், அண்ணை" என்றான் பணிவாக.

நான் இசட்டுக்குள் ஏறி இருந்தேன்.
சுவிச்சை அழுத்த
ஒரு பெண் யப்பான் மொழியில்
எதையோ நினைவூட்டினாள்.
திரையில் வரைபடம் விரிந்தது.
நாங்கள் நிற்கும் வளவு
அவள் கணக்கில் நடுக்கடல்.
எஞ்சின் விழித்ததா உறங்குகிறதா தெரியவில்லை.
கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சுவிச்,
நாற்காலியிலிருந்து மூன்று புகை எழும் படம்.
விளையாட்டுக்குத்தான் அழுத்தினேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு இடுப்பின் இடப்பக்கம்,
மாத்தளனில் ஒரு டொக்டர்
"கிடக்கட்டும், எடுத்தால் நடக்கமாட்டாய்" என்று
விட்டுவைத்த துண்டு,
மாரி இறங்கியதும்
லீசிங்காரன் போல வாசலில் வந்து நிற்கும் துண்டு,
வெந்நீர்ப் போத்தலுக்கும் மருந்தெண்ணெய்க்கும்
ஒரு நாளும் மசியாத துண்டு
மெல்லப் பிடி விட்டது.
நெற்றியால் வேர்வை வடிந்தது.
ஏசியைக் கூட்டினேன்.
அந்தச் சுவிச்சைத் தொடவில்லை.

எவ்வளவு நேரமோ,
கண்ணாடியில் தட்டினார் தவநேசன்.
முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினேன்.

"தம்பி, அலோயிலை கீறல் கிடக்கு.
பனி விளக்கு எண்டாய், இஞ்சை எங்கை பனி?
சீற் சூடாகுமாம்!
இந்த வெயிலுக்கை இது என்னத்துக்கு?
யப்பான்காரன்ரை குளிருக்கு
நாங்கள் ஏன் காசு குடுக்கவேணும்?
அதுக்குரியதைக் கழி."

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில்
பதினெட்டு வருடம் கணக்கெழுதியவள் நான்.
செல்டன் இரண்டு தரம் போன் எடுக்க வெளியே போய்வந்தான்.
இரண்டு லட்சத்து நாற்பது கழிந்தது.

தவநேசன் என்னையே பார்த்தார்.
சீலைக்கடையிலும்
பிடித்ததைத்தான் பழிப்பேன் என்பது
அவருக்குத் தெரியும்.
இதில் எது பிடித்தது என்பதுதான் பிடிபடவில்லை.
"அலோய்தானே?"
"ஓம்" என்றேன்.

ஏ-ஒன்பதில் ஏறும்போது
அந்தப் பெண் மறுபடி எதையோ கேட்டாள்.
அவளுக்கும் ஓம்.

தவணை ஐந்து வருடம்.
ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாதம்.